சார் பார்த்த தண்ணீர்: ஒரு சதுப்பில் ஆறு நாள்

முதல் நாள்

இந்தச் சதுப்பின் பெயரை எழுதப் போவதில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாரைகள் கூடு கட்டும் பருவம் இது. பெயரைப் போட்டால் அடுத்த வாரமே நீளக் குழல் கேமராக்களோடு ஒரு படை வந்து இறங்கும். பெயர் தெரியாததால் படிப்பவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

மதியம் மூன்று மணிக்கு வந்து சேர்ந்தோம். நான், என்னிடம் ஆய்வு செய்யும் மாணவி, இரண்டு பெட்டி நிறையக் கருவிகள், சாக்கில் சுற்றிய மூன்று அலுமினியத் தகடுகள். கடைசிப் பத்துக் கிலோமீட்டரைச் சாலை என்று வரைபடம் சொன்னது. வண்டி ஒப்புக்கொள்ளவில்லை. வழியில் ஒருவர் தகடுகளைப் பார்த்துவிட்டு, "கூரை போட வந்தீங்களா?" என்று கேட்டார். இல்லை, செயற்கைக்கோளுக்குக் கண்ணாடி காட்ட வந்தோம் என்றால் நம்புவாரா? ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வந்த காரணம் இது. மூன்று வருடமாக இந்தச் சதுப்பை ரேடார் படங்களை வைத்து வரைபடம் ஆக்கிக்கொண்டிருக்கிறேன். எங்கே திறந்த நீர், எங்கே நாணல், எங்கே கரை, மாதம் தோறும் எது விரிகிறது, எது சுருங்குகிறது என்று. எல்லாம் மேசையில் உட்கார்ந்து செய்த வேலை. போன முறை அனுப்பிய வரைபடத்தில் 17 என்று எண் இட்ட ஒரு திட்டை "மேடு, உலர் நிலம்" என்று பழுப்பு வண்ணத்தில் காட்டியிருந்தேன். இங்கே ஓடம் விடும் பெரியவரிடம் யாரோ அதைக் காட்டியிருக்கிறார்கள். அவர் சிரித்தாராம். என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார், அவ்வளவுதான் என்றார்கள். அந்தச் சிரிப்புதான் என்னை இங்கே இழுத்து வந்தது.

எங்கள் துறையில் இரண்டு சார் உண்டு. ஒன்று நான். இன்னொன்று செயற்கைத் துளை ரேடார். ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் அதுவும் சார்தான். "சார், சார் டேட்டா இன்னும் இறங்கல சார்" என்று மாணவி சொல்லும்போது புதிதாக வந்தவர்கள் திகைத்துப்போவார்கள். நாங்கள் அந்த நிலையைத் தாண்டிவிட்டோம்.

ஏன் ரேடார் என்ற கேள்விக்கு இன்று மாலை வானமே பதில் சொன்னது. நான்கு மணியிலிருந்து ஒரே மூட்டம். சதுப்பு நிரம்புவது மழைக்காலத்தில். அதே காலத்தில்தான் மேகம் மூடிக்கொள்ளும். சாதாரணச் செயற்கைக்கோள் கேமரா பார்க்க வேண்டிய நேரத்தில் அதன் கண்ணைக் கட்டிவிட்டது போல ஆகிவிடும். ரேடார் தன் விளக்கைத் தானே கொண்டுவருகிறது. அது அனுப்பும் நுண்ணலைக்கு மேகமும் ஒன்றுதான், இரவும் ஒன்றுதான். நாங்கள் நம்பியிருக்கும் சென்டினல்-1 என்ற ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோள் பயன்படுத்தும் அலையின் நீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட என் சுண்டுவிரல். மேகத்தில் மிதக்கும் நீர்த்துளி அதன் பக்கத்தில் தூசு.

12 மீட்டர் சொச்சம் நீளமுள்ள ஒரு ஆன்டெனா, 693 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இருபது மீட்டர் அளவுக்கு விவரம் எப்படிக் காட்டுகிறது என்று சிலர் கேட்பார்கள். நின்ற இடத்திலிருந்து பார்த்தால் முடியாதுதான். அது ஓடிக்கொண்டே பார்க்கிறது. பாதை நெடுகிலும் திரும்பி வந்த எதிரொலிகளைச் சேர்த்துவைத்துக் கணக்குப் போட்டால், கிலோமீட்டர் கணக்கில் நீளமான ஆன்டெனா ஒன்று வானில் நின்று பார்த்தாற்போல ஆகிறது. "செயற்கைத் துளை" என்ற பயமுறுத்தும் பெயருக்கு உள்ளே இருப்பது இவ்வளவுதான்.

செயற்கைக்கோள் நான்காம் நாள் காலை ஆறு மணியை ஒட்டிக் கடக்கும். அதற்குள் சதுப்பை நாங்கள் படித்துவைக்க வேண்டும். இப்போது கொசுவலைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். வலையில் ஒரு கிழிசல் இருக்கிறது. அதைக் கொசுக்களும் கண்டுபிடித்துவிட்டன.

இரண்டாம் நாள்

விடிந்ததும் ஓடம். பெரியவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். நீளக் கழியை ஊன்றித் தள்ளுகிறார், சத்தமே இல்லை. மோட்டார் ஏன் இல்லை என்று கேட்டதற்கு, "விசிறியில கோரை சுத்திக்கும் தம்பி. அப்புறம் இறங்கித்தான் தள்ளணும். அதுக்கு இதுவே மேல்" என்றார்.

முதல் ஒரு மணி நேரம் திறந்த நீர். அமைதியான நீர் ரேடாருக்குக் கன்னங்கரேல் என்று தெரியும். காரணம் எளிது. ரேடார் நேர் கீழே பார்ப்பதில்லை, பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கிறது. அலை சாய்வாக வந்து கண்ணாடி போன்ற நீரில் பட்டு மறுபக்கம் தெறித்துப் போய்விடுகிறது. அனுப்பியவருக்கு ஒன்றும் திரும்புவதில்லை. திரும்பாத இடம் கறுப்பு. வெள்ளப் படங்களில் கறுப்பைப் பார்த்ததும் நீர் என்று வண்ணம் அடிக்கிற பழக்கம் இப்படித்தான் வந்தது.

பிறகு சம்பு தொடங்கியது. ஆளுயரத்துக்கு மேல், அடர்த்தியாக, நேராக. பெரியவர் கழியால் விலக்கி ஒரு வாய்க்கால் போல வழி கண்டுபிடித்தார். மாணவி ஜி.பி.எஸ்.ஸைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"சார், பதினேழுக்குள்ள வந்துட்டோம்."

"இன்னும் போகட்டும். நடுவுல நிக்கணும்."

ஓரத்தில் அளந்தால் பயன் இல்லை. படத்தின் ஒரு கட்டம் தரையில் 10 மீட்டர். கையில் உள்ள ஜி.பி.எஸ். மூன்று, நான்கு மீட்டர் தவறும். சுற்றிலும் ஐம்பது மீட்டராவது ஒரே மாதிரி இருக்கும் இடத்தின் நடுவில் நின்றால்தான், நாம் பார்க்கும் செடியும் படத்தில் உள்ள புள்ளியும் ஒன்றுதான் என்று சொல்ல முடியும்.

நடுவுக்கு வந்தோம். என் வரைபடத்தின்படி இது உலர்ந்த மேடு. ஓடத்திலிருந்து எட்டிப் பார்த்தால் தண்டுகளுக்கு இடையே மட்கிய இலைகள் பாய் விரித்தாற்போலக் கிடந்தன. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் இறங்கினேன்.

இலைப் பாய் பிளந்தது. தொடை வரை தண்ணீர், அதற்குக் கீழே முழங்கால் வரை சேறு. ஒரு கையில் அளவுக் கம்பு, இன்னொரு கையில் நோட்டுப் புத்தகம், இரண்டையும் தலைக்கு மேல் தூக்கியபடி என் உலர் நிலத்தில் இடுப்பளவு நின்றேன். மாணவி வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் இப்போதும் சிரித்தார், ஆனால் கழியை நீட்டிக்கொண்டே சிரித்தார்.

அளந்தது: நீர் ஆழம் 68 சென்டிமீட்டர். நீருக்கு மேல் தண்டின் உயரம் ஒன்றரை மீட்டர். அரை மீட்டர் சதுரச் சட்டத்துக்குள் பதினோரு தண்டுகள். பத்து இடங்களில் அளந்தோம். எங்கும் அறுபதுக்குக் குறையவில்லை.

எங்கே தவறினேன் என்பது சேற்றில் நிற்கும்போதே தெரிந்துவிட்டது. பாடத்தில் படித்ததுதான். ஆனால் படித்தது வேறு, கால் நனைவது வேறு. கேரம் ஆடியவர்களுக்கு இது எளிதில் புரியும். ஸ்ட்ரைக்கரை மூலைக்குப் பக்கத்தில் ஒரு சட்டத்தில் அடித்தால் அது அடுத்த சட்டத்திலும் மோதி, போன திசைக்கு இணையாக நம் பக்கமே திரும்பி வரும். எந்தக் கோணத்தில் அடித்தாலும் அப்படித்தான், இரண்டு சட்டமும் செங்குத்தாக இருக்கும்வரை. இங்கே ஒரு சட்டம் நீர்ப்பரப்பு, இன்னொரு சட்டம் நிமிர்ந்து நிற்கும் சம்புத் தண்டு. அலை நீரில் பட்டு, தண்டில் பட்டு, நேராக வீட்டுக்குத் திரும்புகிறது. இரட்டைத் தெறிப்பு என்று சொல்வோம். ஆயிரக்கணக்கான தண்டுகள் சேர்ந்து இப்படித் திருப்பி அனுப்பினால் அந்த இடம் வெள்ளை வெளேர் என்று மின்னும். கட்டடச் சுவரும் தரையும் சேர்ந்து செய்வதும் இதையே. அதனால்தான் ஊரும் படத்தில் பளிச்சென்று இருக்கிறது, வெள்ளம் புகுந்த நாணற்காடும் பளிச்சென்று இருக்கிறது. நான் வெள்ளையைப் பார்த்தேன், கறுப்பு இல்லையே என்று நீரை விலக்கிவிட்டேன்.

சொல்லப்போனால் சதுப்பு வரைபடம் எழுதுகிறவர்கள் முதலில் தேட வேண்டியதே இந்த வெள்ளையைத்தான். திறந்த நீரை எந்தக் கேமராவும் ஒரு தெளிந்த நாளில் காட்டிவிடும். செடிக்கு அடியில் ஒளிந்திருக்கும் நீரை வானிலிருந்து காட்ட ரேடார்தான் வேண்டும். அது காட்டியதை நான் பழுப்பு அடித்து மறைத்திருக்கிறேன்.

திரும்பும் வழியில் பெரியவரிடம் கேட்டேன், "ஐயா, இந்த இடம் எப்பவுமே இப்படித்தானா?"

"எப்பவும் எப்படிங்க தம்பி இருக்கும்? தண்ணி ஒரு இடத்துல உக்காருமா?"

இரவு மடிக்கணினியில் 17-ஆம் திட்டின் முழு வருட வரிசையை எடுத்துப் போட்டேன். அவர் சொன்னது கோடாக இருந்தது. வறண்ட காலத்தில் சாம்பல். அடியில் நீர் புகுந்ததும் திடீரென்று ஏறி வெள்ளை. அப்படியே சில வாரம். பிறகு நீர் உயர உயரத் தண்டு மூழ்கிக் குறைய, வெளிச்சம் மங்கி, ஒரு படத்தில் ஏறக்குறையக் கறுப்பு. வெள்ளம் வடியும்போது இதே கதை பின்னோக்கி. ஆக நீர் கூடினால் வெளிச்சம் கூடுமா, குறையுமா என்ற கேள்வியே தவறு. கொஞ்சம் வந்தால் கூடும், மிஞ்சினால் குறையும். நான் போன முறை வெள்ளையாக இருந்த ஒரே ஒரு படத்தை எடுத்துத் தீர்ப்பு எழுதியிருந்தேன்.

காலணிகள் அடுப்பங்கரைச் சுவரில் காய்கின்றன. காயாது.

மூன்றாம் நாள்

இன்று எதிர்ப்பக்கம், மேற்குக் கரை. நேற்றுப் பட்டதற்கு நிவாரணமாக வரைபடம் "ஆழமற்ற ஏரி" என்று சொல்லும் இடத்துக்கு ரப்பர் காலணியோடு போனேன்.

புழுதி. ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தும் ஒரு சொட்டு இல்லை. வடிந்து பல வாரம் ஆன வண்டல், வெடிப்புகூட விடாமல், மேலே சன்னமான உப்புப் பொருக்கோடு, சிமென்ட் பூசிய தரை போலக் கிடந்தது. ஒரு நூலை இழுத்துக் கட்டி மேடு பள்ளம் பார்த்தோம். ஐந்தாறு மில்லிமீட்டருக்குமேல் இல்லை. சென்டினலின் சுண்டுவிரல் அலைக்கு (சி-பேண்ட் என்போம்) ஒரு சென்டிமீட்டருக்குள் ஏறி இறங்கும் எதுவும் வழவழப்பான கண்ணாடிதான். காய்ந்த மண் நீரைப் போல அலையைத் திருப்பியடிப்பதும் இல்லை, கொஞ்சம் உள்ளேயே விழுங்கிவிடும். இரண்டும் சேர்ந்தால் படத்தில் கறுப்பு. ஏரி.

இடுப்பளவு தண்ணீரை மேடு என்றும் புழுதியை ஏரி என்றும் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

மாணவி சமாதானம் சொன்னாள். "மொத்தப் பரப்புல பாத்தா தொண்ணூறு சதவீதம் சரிதான் சார்."

பிரச்சினையே அந்தச் சதவீதம்தான். எளிதான இடங்கள் பெரிய பரப்பு, அவற்றில் சரியாக இருப்பது பெருமை இல்லை. மீன் முட்டை இடுவதும் பறவை கூடு வைப்பதும் அந்தப் பத்துச் சதவீத ஓரத்தில்தான் நடக்கிறது. யாராவது மண் கொட்டி நிரப்புவதும் அங்கேதான் தொடங்கும். "உலர் நிலம்" என்று என் வரைபடம் சொன்னால் அவர்களுக்கு அது சான்றிதழ்.

மதியத்துக்கு மேல் வடமூலையில் ஆகாயத்தாமரை மூடிய பகுதியைப் பார்த்தோம். அடியில் மூன்று மீட்டர் ஆழம், மேலே பச்சைக் கம்பளம். இலைகள் அலையை நாலாபக்கமும் சிதறடிப்பதால் ரேடாருக்கு இது பயிர் போலத் தெரிகிறது. ஒரு படத்தில் நிலம், காற்று அடித்துக் கம்பளம் நகர்ந்ததும் அடுத்த படத்தில் நீர். இடம் மாறும் நிலம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். வரிசையாகப் பத்துப் படம் வைத்துப் பார்த்தால் இந்த ஏமாற்று உடைந்துவிடும்.

உடம்பு முழுக்கப் புழுதி. நேற்றுச் சேறு, இன்று புழுதி.

நான்காம் நாள்

மூன்றரை மணிக்கு எழுந்தோம். இன்றுதான் அந்த நாள்.

அலுமினியத் தகடுகளின் கதையை இப்போது சொல்லலாம். மூன்று முக்கோணத் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பூட்டினால் அறையின் ஒரு மூலையை வெட்டி எடுத்தது போல இருக்கும். இதன் பெயர் மூலைப் பிரதிபலிப்பான். கேரம் மூலையேதான், கூடவே தரையும் சேர்ந்தது. திறந்த முன்பக்கத்துக்குள் சற்று முன்பின் கோணத்தில் வந்தாலும் அலையை வந்த வழியே அனுப்பிவிடும். பக்கத்துக்கு ஒரு மீட்டர் இருந்தாலே போதும், படத்தில் ஒரு நட்சத்திரம் போலத் தெரியும். அதன் இடத்தை நாம் துல்லியமாக அளந்து வைத்திருப்பதால், படம் தரையில் சரியாகப் பொருந்துகிறதா என்று சோதிக்கலாம். அடித் தகட்டில் ஒரு துளை போட்டிருக்கிறேன். இல்லாவிட்டால் மழைநீர் தேங்கி அதுவே ஒரு சதுப்பாகிவிடும்.

இதைச் செயற்கைக்கோளைப் பார்த்து நிறுத்த வேண்டும். பலர் அது தலைக்கு மேல் வரும் என்று நினைக்கிறார்கள். வராது. சென்டினல்-1 தன் பாதைக்கு வலப்பக்கம் பார்க்கும். காலையில் வடக்கிலிருந்து தெற்காக இறங்கும்போது அதன் வலக்கை மேற்கே இருக்கும். ஆகவே நம்மைப் பார்க்கும்போது அது நமக்குக் கிழக்கே சில நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். மாலையில் தெற்கிலிருந்து ஏறும்போது நமக்கு மேற்கே. சுருக்கமாகச் சொன்னால் சூரியன் எந்தப் பக்கமோ செயற்கைக்கோளும் அந்தப் பக்கம்.

இதை மாணவர்களுக்கு நான் வருடம் தோறும் சொல்கிறேன். நேற்றுச் சாயங்காலம் கரையில் ஒரு மேட்டில் பிரதிபலிப்பானைப் பொருத்தி, திசைகாட்டியை வைத்து, முன்பக்கத்தை 17 டிகிரி தூக்கி, கயிறு கட்டிப் பூட்டினேன். இன்று காலை ஐந்தரைக்கு அதன் அருகே நின்றபோது கிழக்கு வெளுத்தது. வெளிச்சம் தகட்டின் முதுகில் விழுந்தது.

முதுகில்!

அட்டவணையில் மாலைப் பாதையின் வரியைப் பார்த்துவிட்டிருக்கிறேன். பிரதிபலிப்பான் மேற்கே யாருக்கோ கண்ணாடி காட்டிக்கொண்டிருந்தது. மாணவி அப்போது ஓடத்தில் 17-ஆம் திட்டுக்குள் இருந்தாள், கூப்பிட்டால் கேட்காது. கயிற்றை அவிழ்க்க விரல் நகம் போனது. திருப்பி, கிழக்கிலிருந்து பன்னிரண்டு டிகிரி தெற்கே வைத்து, சாய்வைத் திரும்ப அளந்து, கடைசிக் கல்லை வைத்து நிமிர்ந்தபோது ஐந்து ஐம்பத்திரண்டு. கடக்கும் நேரத்துக்கு ஏழு நிமிடம் மிச்சம்.

அடுத்தது காற்று. இரண்டு நாளும் விடியலில் இலை அசையவில்லை. இன்று ஐந்தே முக்காலுக்குத் தொடங்கி நீர் முழுவதும் சிற்றலை ஓடியது. சுண்டுவிரல் நீள அலைக்குச் சுண்டுவிரல் நீளச் சிற்றலைதான் ஆகாத விருந்தாளி. கண்ணாடி உடைந்து ஆயிரம் துண்டாகிவிடும், ஒவ்வொரு துண்டும் கொஞ்சம் திருப்பி அனுப்பும். காற்றுமானி நொடிக்கு ஆறு மீட்டர் காட்டியது. எழுதிவைத்துக்கொண்டேன், வேறென்ன செய்ய?

நேரம் வந்தது, போனது. ஒன்றும் தெரியாது, ஒன்றும் கேட்காது. நொடிக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஒன்று இந்தச் சதுப்பைத் துடைத்துக்கொண்டு போக ஓரிரு நொடி. ஒரு நீர்க்கோழி மட்டும் சம்புக்குள்ளிருந்து கத்தியது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

மாணவி எட்டு மணிக்குத் திரும்பினாள். ஆழம் 71 சென்டிமீட்டர், அதாவது இரண்டு நாளில் மூன்று ஏறியிருக்கிறது. "நம்மள படம் புடிச்சாச்சா பாப்பா?" என்று பெரியவர் அவளைக் கேட்டுக்கொண்டே இறங்கினார்.

ஐந்தாம் நாள்

படம் நேற்று இரவே இணையத்துக்கு வந்துவிட்டது. ஐரோப்பிய விண்வெளி முகமை சென்டினல் படங்களை யாருக்கும் இலவசமாகத் தருகிறது, 2014-இல் முதல் செயற்கைக்கோள் ஏறியதிலிருந்தே. என்னைப் போன்றவர்கள் பிழைப்பது அதனால்தான். ஆனால் கோப்பு ஒரு ஜிகாபைட்டுக்குப் பக்கம், இங்கே சிக்னல் பறவைக் கோபுரத்தின் மூன்றாம் தளத்தில் மட்டும். காலை முழுவதும் நானும் மாணவியும் மாறி மாறிக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தோம். எண்பத்தெட்டு சதவீதத்தில் ஒருமுறை அறுந்தது. அப்போது சொன்னதை எழுத முடியாது.

மதியம் படம் திறந்தது. மணல் தூவியது போல ஒரே புள்ளிப் பொரி. அது பழுது அல்ல, ரேடாரின் பிறவிக் குணம். ஒரு கட்டத்துக்குள் இருக்கும் நூறு பொருளிலிருந்து வரும் எதிரொலிகள் சில இடத்தில் கூடும், சில இடத்தில் ஒன்றையொன்று தின்றுவிடும். கொஞ்சம் சராசரி எடுத்துத் தணித்தோம்.

முதலில் பிரதிபலிப்பானைத் தேடினோம். கரை மேட்டில் கூட்டல் குறி போல ஒரு நட்சத்திரம். போன நகத்துக்குக் கிடைத்த கூலி.

ஏரி எதிர்பார்த்தது போலவே சொதப்பல். காற்றில் பாதி ஏரி சாம்பலாகி நிலத்தோடு கலந்துவிட்டது. ஒரு எல்லைக் கோடு வைத்து, அதற்குக் கீழே எல்லாம் நீர் என்று பிரிக்கும் நிரல் ஏரியின் நடுவில் தீவுகளைக் கண்டுபிடித்தது. சென்டினல் இரண்டு விதமாகப் பதிவு செய்கிறது: செங்குத்தாக அதிரும் அலையை அனுப்பிச் செங்குத்தாகவே வாங்குவது ஒன்று, கிடைமட்டமாக வாங்குவது இன்னொன்று. இரண்டாவதைச் சிற்றலை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. அதில் தீவுகள் பெரும்பாலும் கரைந்துபோயின. இரட்டைத் தெறிப்பு நன்றாகத் தெரிவது முதலாவதில். ஒன்று வெளி நீரைச் சொல்ல, மற்றது ஒளிந்த நீரைச் சொல்கிறது.

17-ஆம் திட்டு? வெள்ளை. காற்று அதைத் தொடவே இல்லை. சம்புக்குள் காற்று இறங்காது, அங்கே நீர் எப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். அதே நேரத்தில் அந்த வெள்ளைக்குள் 71 சென்டிமீட்டர் ஆழத்தை மாணவி கையால் அளந்த குறிப்பு என் மேசையில் இருந்தது. மூன்று வருடத்தில் முதல் முறையாக ஒரு புள்ளியைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை.

அவள் கேட்டாள், "அந்த மூணு சென்டிமீட்டர் ஏறினதும் தெரியுமா சார்?"

நல்ல கேள்வி. வெளிச்சத்தில் தெரியாது. ஆனால் அலையின் 'ஃபேஸ்' என்பதில், அதாவது திரும்பி வரும் அலை ஏற்றத்தில் இருக்கிறதா இறக்கத்தில் இருக்கிறதா என்ற நிலையில், தெரியலாம். ஒரே இடத்தை ஒரே பாதையிலிருந்து இரண்டு நாளில் எடுத்து, திரும்பி வந்த அலைகள் எவ்வளவு முன்பின் நகர்ந்தன என்று ஒப்பிட்டால் சென்டிமீட்டர் அளவு ஏற்ற இறக்கம் கிடைக்கும். திறந்த நீரில் இது நடக்காது, நீர்ப்பரப்பு ஒரு கணம்போல மறுகணம் இருப்பதில்லை. தண்டுகள் நிற்கும் இடத்தில்தான் நடக்கும். 1994-இல் விண்ணோடத்திலிருந்து எடுத்த ரேடார் பதிவுகளை வைத்து அமேசான் வெள்ளக் காட்டில் நீர்மட்டம் மாறியதை டக்லஸ் ஆல்ஸ்டார்ஃப் குழுவினர் 2000-இல் வெளியிட்டார்கள். பிறகு ஷிமோன் வ்டோவின்ஸ்கி குழுவினர் ஜப்பானின் ஜெர்ஸ்-1 படங்களைக் கொண்டு ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸில் நாணலுக்கு ஊடே நீர் நகர்வதையே படமாக்கினார்கள். மரத்தடியில் ஒரு அளவுக் கம்பு நட்டால் ஒரு இடத்தின் கணக்கு கிடைக்கும். இது பரப்பு முழுக்கக் கம்பு நட்டது போல. நாங்கள் இங்கே இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து அடுத்த படம் வந்ததும் அவள் முயன்று பார்க்கப் போகிறாள்.

ஆறாம் நாள்

கிளம்பும் முன் தென்கோடி மரக்காட்டுக்குப் போனோம். கிளைகள் கோத்துக்கொண்டு மேலே கூரை. கீழே முழங்கால் தண்ணீர், அதில் வேர்கள். ஓடம் நுழைந்ததும் வெளிச்சம் பாதியானது. இந்த இடம் வருடம் முழுக்க எந்தப் படத்திலும் மாறுவதில்லை, ஒரே நடுத்தரச் சாம்பல். சுண்டுவிரல் அலை இலைக்கூரையிலேயே சிதறிவிடுகிறது, கீழே நீர் இருக்கிறதா என்று பார்க்க இறங்குவதே இல்லை.

இறங்குவதற்கு நீள அலை வேண்டும். எல்-பேண்ட், சுமார் 24 சென்டிமீட்டர், ஒரு சாண் சொச்சம். இலையும் குச்சியும் அதற்குப் பொருட்டில்லை, அடிமரத்தில்தான் நிற்கும். 1995 செப்டம்பர், அக்டோபரிலும் 1996 மே, ஜூனிலும் ஜெர்ஸ்-1 அமேசானை இரண்டு முறை முழுதாக எடுத்தது. வடிந்த காலம் ஒன்று, நிறைந்த காலம் ஒன்று. இரண்டையும் கழித்துப் பார்த்தால் காட்டுக்கு அடியில் ஓடிய வெள்ளம் வெள்ளையாக எழுந்து நின்றது. அப்போது வருடத்துக்கு ஒன்றிரண்டு படம் கிடைப்பதே பெரிது. இப்போது நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து 2025 ஜூலை 30 அன்று ஏவிய நிசார் இருக்கிறது. நாசாவின் எல்-பேண்டும் அதைவிடக் குட்டை அலையான இஸ்ரோவின் எஸ்-பேண்டும் ஒரே விண்கலத்தில், 12 மீட்டர் வலைக்குடை விரித்து, 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதை. மாணவி சொன்னாள், "இனிமே மூணு சார், சார்."

மரக்காட்டில் ஒன்பது இடத்தில் ஆழம் அளந்து வைத்தோம். அந்த மூன்றாவது சாருக்காக.

திரும்பி வருகையில் சம்புக்காட்டு ஓரத்தில் பெரியவர் கழியை ஊன்றி நிறுத்தினார். மடிக்கணினியில் படத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, வாய்க்கால், பெருமடு, மரக்காடு என்று ஒவ்வொன்றாக விரல் வைத்தார். ஒன்றும் தப்பவில்லை. வெள்ளைத் திட்டின் மேல் விரல் வந்ததும், "முங்குமேடு" என்றார்.

"என்னது?"

"இது பேரு முங்குமேடு தம்பி. எங்க தாத்தா காலத்துல இருந்து அதான். தண்ணி இல்லாதப்ப மேடு. வந்தா முங்கிடும். நீங்க மேடுன்னு போட்டிருக்கீங்கன்னு சொன்னாங்க. பாதிப் பேரை விட்டுட்டாரேன்னு சிரிச்சேன்."

மாலை வண்டி வரும்வரை கோபுரத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து திருத்தினேன். பழுப்பை நீக்கினேன். வகைப் பட்டியலில் "பருவத்தில் மூழ்கும் சம்பு" என்று புதிதாக ஒன்று சேர்த்தேன். மேற்கே ஏரி புழுதியானது. பெயர்ப் பத்தியில் 17 என்பதை அழித்துவிட்டு "முங்குமேடு" என்று தட்டிச் சேமித்துத் திறந்தால் ஏழெட்டுக் கேள்விக்குறி வந்தது. கோப்பு தமிழ் எழுத்தை வாங்கவில்லை. குறியாக்கத்தை யூனிகோடுக்கு மாற்றி இரண்டாம் முறை சேமித்தேன். வந்தது. வண்டிக்காரர் ஒலி எழுப்பிக்கொண்டிருந்தார்.